மலைமேல் ஒரு பள்ளிக்கூடம்

சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கடினமான காரியம் என்று நமது சித்தர்களும் ஞானிகளும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் உண்மையை நாம் லே நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மூக்கில் பிராணவாயுக் குழாயுடன் மல்லாந்து படுத்திருந்தபோதுதான் உணர்ந்தோம்.

லடாக் பிரதேசத்தைப் பார்த்துவிட வேண்டுமென்பது நமது நெடுநாளைய ஆசை. காஞ்சிபுரத்துக்குச் சமீபத்திலுள்ள ஓர் ஊரில் இருபது வருஷ காலமாகப் பௌதிக சாஸ்திரம் போதித்து வருகிறோம். ஹிமாலயத்தைப் பற்றி நமக்கு இருந்த ஞானமெல்லாம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் தேசப்படத்தோடு சரி. வயதோ நாற்பத்தாறு ஆகிவிட்டது. "முழங்கால் நம் பேச்சைக் கேட்கிறபோதே போய்விட்டு வந்துவிடுவோம்" என்றாள் நமது சகதர்மிணி. அவள் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. ஆகையால் கோடை விடுமுறை இருவருக்கும் ஒரே சமயத்தில் வாய்த்தது. மே மாதத்தில் புறப்பட்டோம்.

டில்லியில் விடியற்காலையில் ஆகாய விமானத்தில் ஏறினோம். டில்லி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 700 அடி உயரத்தில் இருக்கிறது. லே நகரம் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து வர்த்தகர்கள் கோவேறு கழுதைகளோடு வாரக் கணக்கில் ஏறிய உயரத்தை நாம் ஒன்றரை மணி நேரத்துக்குள், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், ஏறி முடித்துவிட்டோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெண்பனிச் சிகரங்கள். பிறகு திடீரென்று பனி மறைந்து, பழுப்பும் செம்மையும் சாம்பலுமான மொட்டை மலைகள் தோன்றின. அவற்றின் நடுவே, யாரோ தவறிப் போட்டுவிட்ட பச்சைக் கைக்குட்டையைப் போல் லே நகரத்துப் பள்ளத்தாக்கு கிடந்தது.

அந்தப் பூமியில் வருஷம் முழுவதும் பெய்கிற மழையும் பனியும் சேர்ந்து சுமார் நாலு அங்குலந்தான். ஐப்பசி அடைமழையில் ஒரே நாளில் நம் ஊரில் அவ்வளவு கொட்டிவிடுவது உண்டு. மலை உச்சியில் உருகும் பனிதான் அங்கே மழை, ஏரி, கிணறு எல்லாம். உருகி வரும் தண்ணீரைச் சிறு வாய்க்கால்களில் முறை வைத்துப் பாய்ச்சி, வாற்கோதுமையும் பட்டாணியும் விளைவித்து, நெட்டிலிங்கத்தைப் போல் ஓங்கி நிற்கும் பாப்ளார் மரங்களை வளர்த்து, ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக மனிதர்கள் அங்கே வாழ்ந்து வருகிறார்கள்.

நாம் தங்கிய வீட்டு எஜமானியம்மாளை எல்லாரும் 'ஆமாலே' என்று அழைத்தார்கள். 'ஆமா' என்றால் அம்மா. 'லே' என்பது மரியாதைக்குரிய விகுதி. அந்த அம்மாள் 'ஜூலே!' என்று கைகுவித்து வரவேற்று, அரைகுறை ஹிந்தியில் ஒரே ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொன்னாள்: "இன்றும் நாளையும் படுத்திருங்கள். எங்கேயும் போகாதீர்கள்." விமானத்திலும் இதையே அறிவித்தார்கள். விமான நிலையத்துச் சுவரிலும் எழுதி வைத்திருந்தார்கள்.

நமது சகதர்மிணி சமர்த்தாகப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். நாமோ பௌதிக சாஸ்திர உபாத்தியாயர். காற்றின் அழுத்தம் உயரே போகப் போகக் குறையும் என்பதை இருபது வருஷமாகப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறவருக்கு, அதை இன்னொருவர் சொல்லிக் கேட்கப் பொறுக்குமா? "நமக்குத் தெரியாததா?" என்று மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். ஊருக்கு மேலே குன்றின்மீது, பதினேழாம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் மன்னர் காலத்தில் கட்டிய ஒன்பது அடுக்கு அரண்மனை நிற்கிறது. அதன் வாசல் வரையில் ஏறினோம். மூச்சு இரைத்தது. 'வயதாகிறது' என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஏறினோம்.

அன்று இரவு தலைவலி ஆரம்பித்தது. அதைத் தலைவலி என்று சொல்வதுகூடப் பொருந்தாது. தலைக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு உரலில் இடித்ததைப் போலிருந்தது. வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. எழுந்து நின்றால் தரை சாய்ந்தது. நடு நிசியில் ஆமாலேயின் மகன் நம்மைத் தன் வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நமது சகதர்மிணி வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாதிருப்பதற்கு என்ன அர்த்தமென்பது நமக்குத் தெரியும்.

இளம் வயது லடாக்கி டாக்டர் நாடியைப் பார்த்தார். விரல் நுனியில் ஒரு சிறு கருவியை மாட்டி ரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளந்தார். "வந்த அன்றைக்கே மலை ஏறினீர்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"என்ன உத்தியோகம்?"

"பள்ளிக்கூட உபாத்தியாயர்."

"என்ன பாடம்?"

நாம் சற்றுத் தயங்கினோம். நமது சகதர்மிணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பௌதிகம்" என்றாள். டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். பக்கத்துக் கட்டில் நோயாளிகூடச் சிரித்ததாக நமக்குத் தோன்றியது.

குழாய் வழியாகப் பிராணவாயு வந்தது. தலைக்குள் உரல் இடிப்பது மெல்ல மெல்ல ஓய்ந்தது. ஆனால் அது ஓய்ந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

சென்ற வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று நம்மை ஒரு கேள்வி கேட்டான். "ஸார், காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்ஸிஜன் என்று சொன்னீர்கள். மலைமேலும் அதே 21 பங்குதான் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அப்படியானால் எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் ஏன் முதுகில் ஆக்ஸிஜன் உருளையைச் சுமந்துகொண்டு போகிறார்கள்?"

நல்ல கேள்வி. ஆனால் அன்றைக்குப் பாடத்தில் பாதி பாக்கி இருந்தது. பரீட்சைக்கு மூன்று வாரந்தான் இருந்தது. "இதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றோம். அவன் உட்காரவில்லை. "காரணம் மட்டும் சொல்லுங்கள், ஸார்" என்றான். வகுப்பு களுக்கென்று சிரித்தது. அவன் நம்மை மடக்கப் பார்க்கிறான் என்று நாம் எண்ணிக்கொண்டு, மணி அடிக்கும் வரையில் அவனை வெளியே நிறுத்தினோம். அதற்குப் பிறகு வருஷ முடிவு வரையில் அந்தப் பையன் வாயைத் திறக்கவில்லை. அடக்கமான பையனாகிவிட்டான் என்று நாம் திருப்தி அடைந்தோம்.

பங்கு என்னவோ 21தான். ஆனால் லே நகரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. வட்டி விகிதம் மாறவில்லை, முதல் குறைந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தைக் கொடுக்க மறுத்ததற்கு, மலை நம்மிடமிருந்து மூன்று நாட்களை வாங்கிக்கொண்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் டாக்டரின் கட்டளைப்படி நமது பிரயாணத் திட்டத்தில் பாதியை அடித்துவிட்டோம். கர்துங் லா கணவாயைத் தாண்டி நூப்ரா பள்ளத்தாக்குக்குப் போவது நின்றது. அந்தக் கணவாயின் உயரம் 18,380 அடி என்று அங்கே முன்பு பலகை வைத்திருந்தார்கள்; சரியாக அளந்தவர்கள் 17,600 அடிக்குச் சற்றுக் குறைவு என்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் நமக்கு ஆகாது. பாங்காங் ஏரியும் நின்றது. வண்டிக்குக் கொடுத்த முன்பணம் போயிற்று. "போனால் போகட்டும்; மடங்களையாவது நிதானமாகப் பார்ப்போம்" என்றாள் நமது சகதர்மிணி.

லேயிலிருந்து பன்னிரண்டு மைல் தூரத்தில், சிந்து நதியைப் பார்த்தாற்போல் குன்றின்மேல் அடுக்கடுக்காக ஏறி நிற்கிறது திக்ஸே மடம். அங்கே சுமார் 49 அடி உயரமுள்ள மைத்ரேய புத்தர் இரண்டு மாடிகளை நிறைத்துக்கொண்டு வீற்றிருக்கிறார். அந்த முகத்தின் புன்னகையைப் பற்றி எழுதுவதைவிட எழுதாமல் விடுவதே மரியாதை. அங்கே கொடுத்த வெண்ணெய்த் தேநீரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதில் உப்புப் போடுகிறார்கள். கும்பகோணம் டிகிரி காப்பியில் வளர்ந்த நாக்குக்கு முதல் வாய் கஷ்டந்தான். தேநீர் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, ரசம் என்று நினைத்துக்கொண்டு குடித்தால் நன்றாகவே இருக்கிறது.

கீழே இறங்கி வந்து சிந்து நதியில் கால் நனைத்தோம். நாட்டுக்கே பெயர் கொடுத்த நதி அங்கே நமது பாலாற்றின் அகலங்கூட இல்லை. ஆனால் பாலாற்றில் இல்லாத ஒன்று அதில் இருந்தது, தண்ணீர்!

ஐந்தாம் நாள் பிற்பகல், பெயர் பெறாத ஒரு சிறு மடத்துக்குப் போனோம். வெளிச் சுவரைத் தாண்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து பலத்த சத்தம் கேட்டது. ஓங்கிக் கைதட்டுகிறார்கள், காலால் தரையை உதைக்கிறார்கள், பத்துப் பதினைந்து குரல்கள் ஒரே சமயத்தில் கத்துகின்றன. "ஏதோ சண்டை, திரும்பிவிடலாமா?" என்றோம். "சண்டையானால் விலக்கிவிடலாம், வாருங்கள்" என்று நமது சகதர்மிணி முன்னால் போனாள்.

உள்ளே, மரங்களின் நிழலில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் செங்காவி உடையில் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவன் தரையில் அமர்ந்திருந்தான்; மற்றவன் எதிரே நின்றான். நிற்கிறவன் கேள்வி கேட்கிறான். கேட்டு முடிக்கும்போது வலது கையை உயர்த்தி, இடது காலைத் தரையில் ஓங்கி வைத்து, இடது உள்ளங்கையில் பளீரென்று அறைகிறான். உட்கார்ந்தவன் பதில் சொல்ல வேண்டும். ஓரத்தில் ஒரு நடுத்தர வயது லாமா ஜபமாலையை உருட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தாம் உபாத்தியாயர். வகுப்பு நடந்துகொண்டிருந்தது!

அந்த லாமா ஹிந்தியும் ஆங்கிலமும் பேசினார். அவரிடம் விளக்கம் கேட்டோம். உட்கார்ந்திருப்பவன் நீட்டிப் பேசக்கூடாதாம். அவனுக்கு அனுமதித்த பதில்கள் முக்கியமாக நாலே நாலு: 'ஒப்புக்கொள்கிறேன்', 'ஏன்?', 'நீ சொல்லும் காரணம் அந்தப் பொருளில் இல்லை', 'காரணத்துக்கும் முடிவுக்கும் நீங்காத் தொடர்பு இல்லை.' இந்த நாலையும் வைத்துக்கொண்டு அவன் தன் கட்சியைக் காப்பாற்ற வேண்டும்.

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு நிறத்தைப் பற்றிய வாதம். "நிறமென்றால் அது சிவப்பாகத்தான் இருக்க வேண்டுமோ?" என்கிறான் ஒருவன். எதிரி ஏமாந்து, "ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுகிறான். "அப்படியானால் வெண்சங்கின் நிறத்தை எடுத்துக்கொள். அது சிவப்பென்று ஆகிறது. ஏனெனில் அது நிறம்!" பளீரென்று ஓர் அறை. இப்போது அவன் என்ன செய்வான்? வெண்மை ஒரு நிறமே அல்லவென்று சொல்ல முடியாது. தொடர்பில்லை என்றால், தான் முதலில் ஒப்புக்கொண்டதை விழுங்க வேண்டும். தலையைச் சொறிகிறான். சுற்றிலும் கொல்லென்று சிரிப்பு. அவனும் சேர்ந்து சிரிக்கிறான்! அதைத்தான் நாம் வியப்போடு பார்த்தோம். தோற்றவன் முகத்தில் அவமானம் இல்லை. கேட்டவனை யாரும் வெளியே நிறுத்தவில்லை.

"உங்களுக்கு எந்த ஊர்?" என்றார் லாமா.

"தெற்கே, காஞ்சிபுரம் பக்கம்."

ஜபமாலை நின்றது. "காஞ்சியா?" என்றார். பிறகு அவர் செய்த காரியம் நம்மைத் திடுக்கிடச் செய்தது. எழுந்து நின்று, நம்மை நோக்கி இரு கைகளையும் குவித்தார். "சோக்கி லாங்போவின் ஊர்!" என்றார்.

நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். திபெத்திய மொழியில் 'சோக்' என்றால் திசை. 'லாங்போ' என்றால் யானை. சம்ஸ்கிருதத்தில் திங்நாகர். ஏறக்குறைய கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பௌத்த தர்க்க சாஸ்திரத்தின் பிதா. காஞ்சிக்கு அருகிலுள்ள சிம்மவக்திரம் என்ற ஊரில் பிறந்தவர் என்பது திபெத்திய சரித்திரக்காரர்கள் எழுதி வைத்திருக்கும் வரலாறு. அவர் இயற்றிய 'பிரமாண சமுச்சயம்' என்னும் நூலும், அதை விரித்துத் தர்மகீர்த்தி எழுதிய 'பிரமாணவார்த்திகம்' என்னும் நூலுமே இந்தக் கைதட்டலுக்கெல்லாம் ஆதாரம். சரியான காரணத்துக்கு மூன்று லட்சணங்கள் உண்டென்று திங்நாகர் வகுத்தார். அந்தப் பிள்ளைகள் 'காரணம் அந்தப் பொருளில் இல்லை' என்றும் 'தொடர்பு இல்லை' என்றும் கூவும்போது, அந்த லட்சணங்களைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"'மணிமேகலை'யில் இருக்கிறதே!" என்றாள் நமது சகதர்மிணி. "இருபத்தொன்பதாவது காதை. அறவண அடிகள் காஞ்சியில் வைத்து மணிமேகலைக்கு இதைத்தானே உபதேசிக்கிறார்? புகையைக் கொண்டு நெருப்பை அறிவது, காரணம் எப்போது சரி, எப்போது போலி... அந்தக் காதை கடினம் என்று எல்லாரும் தள்ளிவிடுவார்கள். நானும் தள்ளிவிட்டேன்."

1898-ம் வருஷத்தில் டாக்டர் சாமிநாதையரவர்கள் ஏட்டுச் சுவடியிலிருந்து மீட்டு அச்சிட்டுக் கொடுத்த அந்தக் காவியம் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கே நூற்றுக்கு மேற்பட்ட விகாரங்களையும் பதினாயிரம் பிக்ஷுக்களையும் பற்றி எழுதியிருக்கிறார். இன்று ஊரில் அங்கங்கே சில புத்தர் சிலைகள் மிஞ்சியிருக்கின்றன. 'பிரமாண சமுச்சய'த்தின் சம்ஸ்கிருத மூலம் நமது நாட்டில் முழுமையாக அழிந்தே போயிற்று. திபெத்திய மொழிபெயர்ப்பில்தான் அது பிழைத்தது.

அந்த மொழிபெயர்ப்புக் கைங்கரியத்தை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது. ரின்சென் சாங்போ என்பவர் (958-1055) இந்தப் பிரதேசத்திலிருந்து மலைகளைக் கடந்து காஷ்மீரத்துக்குப் போய், பல வருஷங்கள் படித்து, நூல்களையும் சிற்பிகளையும் அழைத்துக்கொண்டு திரும்பினார். அவரைப் போன்ற பலர் தலைமுறை தலைமுறையாக மொழிபெயர்த்தவற்றில், பாரத தேசத்து ஆசாரியர்களின் நூல்கள் மட்டுமே இருநூறு தொகுதிகளுக்கு மேல் சேர்ந்தன. நாம் தொலைத்ததைக் குளிரில் இருந்தவர்கள் காப்பாற்றி வைத்தார்கள். தேசத் தொண்டரும் பேரறிஞருமான ராகுல் சாங்கிருத்தியாயன், 1929-க்கும் 1938-க்கும் இடையில் நாலு தடவை திபெத்துக்குப் போய், மடங்களில் தூங்கிக்கொண்டிருந்த சம்ஸ்கிருத ஏடுகளைத் தேடிக் கண்டெடுத்தார். தர்மகீர்த்தியின் மூலம் நமக்கு மறுபடியும் கிடைத்தது அப்படித்தான்.

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். 1959-க்குப் பிறகு திபெத்திலிருந்து வந்த லாமாக்கள் தங்கள் மகா வித்தியாலயங்களைத் தென்னாட்டில், கர்நாடகத்திலுள்ள முண்ட்கோடிலும் பைலகுப்பேயிலும் மறுபடி ஸ்தாபித்தார்கள். லடாக்கிப் பிள்ளைகள் உயர்தரப் படிப்புக்கு அங்கேதான் போகிறார்கள். நமது லாமாவும் பைலகுப்பேயில் பதினான்கு வருஷம் படித்தவர். நம்மைவிட நன்றாகக் கன்னடம் பேசினார். தெற்கிலிருந்து வடக்கே ஏறிப்போன சாஸ்திரம், ஆயிரம் வருஷத்துக்கு மேல் பனியில் இருந்துவிட்டு, நமது பக்கத்து வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

"பெண்களுக்கும் இந்த வித்தை உண்டா?" என்றாள் நமது சகதர்மிணி. "முன்பு இல்லை, இப்போது உண்டு. 2016-ம் வருஷத்தில் இருபது பிக்ஷுணிகள் முண்ட்கோடில் 'கெஷேமா' என்ற உயர்ந்த பட்டம் வாங்கினார்கள்" என்றார் லாமா.

பிறகு அவர் நம் பக்கம் திரும்பி, கள்ளங்கபடில்லாமல் ஒரு கேள்வி கேட்டார்: "காஞ்சியில் இப்போது மாணவர்கள் எப்படி வாதம் செய்கிறார்கள்?"

நிற்கிற பிள்ளை ஒருவன் அந்தச் சமயம் பார்த்துப் பளீரென்று கைதட்டினான். நமக்கு அனுமதித்த நாலு பதில்களில் ஒன்றும் பொருந்தவில்லை. கதவுக்கு வெளியே, மணி அடிப்பதை எதிர்பார்த்து நின்ற ஒரு பையனின் முகந்தான் எதிரே வந்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. முதல் நாளே அவனை எழுந்திருக்கச் சொன்னோம். பயந்துகொண்டே எழுந்தான். "போன வருஷம் நீ ஒரு கேள்வி கேட்டாய். அது நல்ல கேள்வி. உன்னை வெளியே நிறுத்தியது நம்முடைய தப்பு" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி, அழுத்தம், வட்டி, முதல் எல்லாவற்றையும் விளக்கி, ஆஸ்பத்திரிக் கதையையும் ஒளிக்காமல் சொன்னோம். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "சரி, ஸார்" என்று உட்கார்ந்துவிட்டான். ஒரு வருஷமாக மூடிக் கிடந்த கதவு ஒரு தட்டலில் திறந்துவிடுமா?

ஐந்தாறு நாள் கழிந்தது. பாடத்தின் நடுவில், பாதி உயர்ந்த ஒரு கை. அவனுடைய கைதான். "ஸார், உங்களுக்குத் தலை வலித்தது. அங்கேயே பிறந்தவர்களுக்கு மட்டும் ஏன் வலிப்பதில்லை? அவர்களுக்கும் அதே காற்றுத்தானே?"

நமக்குத் தெரியவில்லை. "தெரியாது. விசாரித்துக்கொண்டு வந்து நாளைக்குச் சொல்கிறோம்" என்றோம். வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை நாம் வகுப்பில் சொன்னது அதுவே முதல் தடவை.

மறுநாள் சொன்னோம். உயரத்துக்குப் போகும் நம்மைப் போன்றவர்களின் உடம்பு, நாட்பட நாட்பட, ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கிச் சமாளிக்கப் பார்க்கும். மிஞ்சினால் ரத்தம் தடித்துத் தொந்தரவு உண்டாகும். லடாக்கியரின் நெருங்கிய உறவினரான திபெத்தியர்களில் பெரும்பாலோருக்கு, அந்தப் பெருக்கத்தை அளவோடு நிறுத்தும் தனிப்பட்ட மரபணு வடிவம் ஒன்று இருப்பதை விஞ்ஞானிகள் 2010-ல் கண்டார்கள். அது டெனிசோவர் என்ற, அழிந்துபோன ஆதி மனித இனத்தாரிடமிருந்து வந்த பிதிரார்ஜிதம் என்று 2014-ல் தெரிய வந்தது.

சொல்லி முடித்து, "ஒப்புக்கொள்கிறாயா?" என்றோம்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஏன், ஸார், அந்த இனம் மட்டும் அழிந்துபோயிற்று?" என்றான். உடனே பின் வரிசையிலிருந்து இன்னொரு கை எழுந்தது.

பாடத்திட்டத்தில் நாம் இப்போது ஒரு வாரம் பின்தங்கியிருக்கிறோம். தலைமை ஆசிரியர் காரணம் கேட்டிருக்கிறார். சரியான காரணத்துக்கு மூன்று லட்சணங்கள் உண்டல்லவா? நம்முடைய காரணத்தில் அவை இருக்கின்றனவா என்று பரிசீலித்துக்கொண்டிருக்கிறோம்.